புதுப் போனில் எத்தனை ஜிபி எடுப்பது? கடைக்குப் போகுமுன் வீட்டில் போடவேண்டிய கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதியிலோ ஸ்ரான்லி வீதியிலோ ஒரு போன் கடைக்குள் போய் "எத்தனை ஜிபி எடுக்கலாம்?" என்று கேட்டால், அநேகமாக அன்றைக்குக் கடையில் எது இருக்கிறதோ அதுதான் பதிலாக வரும். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. நீங்கள் எவ்வளவு வீடியோ எடுக்கிறீர்கள், எத்தனை வட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள், இந்தப் போனை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அந்த விடை உங்கள் பழைய போனுக்குள்ளே இருக்கிறது. அரை மணித்தியாலம் ஆறுதலாக இருந்து பார்த்தால் வெளியே எடுத்துவிடலாம்.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பற்றரி பழுதானால் மாற்றலாம், திரை உடைந்தாலும் மாற்றலாம். சேமிப்பிடம் மட்டும் அப்படியில்லை. அது மதர்போர்டிலேயே பற்றாசு வைத்துப் பொருத்திய சிப். 128 ஜிபி வாங்கினால் அந்தப் போன் கடைசிவரை 128 ஜிபிதான். போன்களின் ஆயுளோ நீண்டுகொண்டு போகிறது. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சுங் 2024இல் கலக்சி எஸ்24க்கும் ஏழு வருட மென்பொருள் அப்டேட் தருவதாக அறிவித்தன. ஏழு வருடம் ஓடக்கூடிய போன் மூன்றாவது வருடமே இடமில்லாமல் திணறினால், கொடுத்த காசில் பாதி வீண்.

பெட்டியில் இருக்கும் எண்கள்

8/128 என்று எழுதியிருந்தால் முதல் எண் ராம், அதாவது செயலிகள் ஓடும்போது போன் பாவிக்கும் தற்காலிக நினைவகம். இரண்டாவது எண்தான் படமும் வீடியோவும் செயலிகளும் தங்கும் இடம். இரண்டையும் 'மெமரி' என்று ஒரே பெயரில் சொல்வதால் கனபேர் குழம்புகிறார்கள். சில விளம்பரங்களில் '8+8 ராம்' என்று போடுவார்கள். பின்னால் வரும் 8 உண்மையான ராம் இல்லை. உங்கள் சேமிப்பிடத்திலிருந்து கொஞ்சத்தை எடுத்து ராம் போலப் பாவிக்கும் ஏற்பாடு அது. அநேகமான போன்களில் செற்றிங்ஸில் அதை நிறுத்திவிடலாம், இடமும் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது, 128 ஜிபி முழுவதும் உங்கள் கைக்கு வராது. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். போனும் கணினியும் பல இடங்களில் 1024இன் பெருக்கமாகக் கணக்கிடுகின்றன. அந்த முறையில் 128 என்பது 119, 256 என்பது 238. இதற்குள் சிஸ்டமும் நிறுவனம் ஏற்றி அனுப்பும் செயலிகளுமாக 15 முதல் 25 ஜிபி வரை போய்விடும். ஆகவே 128 ஜிபி போனில் உங்களுக்கென்று இருப்பது ஏறத்தாழ 100 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 100ஐயும் முட்ட நிரப்பக் கூடாது. போனில் இருக்கும் பிளாஷ் நினைவகம் எழுதிய இடத்தின் மேல் நேரடியாகத் திரும்ப எழுதாது. முதலில் ஒரு தொகுதியை முழுதாக அழித்து, பிறகுதான் எழுதும். காலி இடம் இருந்தால் இந்த வேலையைப் பின்னணியில் சத்தமில்லாமல் செய்துவிடும். இல்லாவிட்டால் நீங்கள் படம் எடுக்கும் அந்த நேரத்தில் செய்யவேண்டி வரும், போன் இழுபடும். பெரிய அப்டேட் இறங்கவும் சில ஜிபி காலியாக இருக்க வேண்டும். மொத்தத்தில் 15 சதவீதத்தை எப்போதும் வெறுமையாக விடுவது நல்லது.

பழைய போனைத் திறந்து பாருங்கள்

அன்ரொயிட் என்றால் செற்றிங்ஸில் ஸ்ரோரேஜ். ஐபோன் என்றால் செற்றிங்ஸ், பிறகு ஜெனரல், பிறகு ஐபோன் ஸ்ரோரேஜ். திரையில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரும். ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள். சிஸ்டம் எவ்வளவு, செயலிகள் எவ்வளவு, படமும் வீடியோவும் எவ்வளவு, மிச்சமெல்லாம் சேர்த்து எவ்வளவு. பக்கத்தில் கலரியில் இருக்கும் ஆகப் பழைய படத்தின் திகதியையும் குறித்து வையுங்கள். போன் வாங்கிய திகதியை எடுத்தால் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் அதற்கு முந்திய போனிலிருந்து மாற்றிய படங்களும் உள்ளே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். போன் நிறைந்து ஒரு வருடமாக நீங்கள் அழித்து அழித்துத்தான் பாவிக்கிறீர்கள் என்றால், திரையில் தெரியும் எண் உங்கள் உண்மையான தேவையைக் குறைத்துக் காட்டும். மாதம் எவ்வளவு அழிக்கிறீர்கள் என்று ஒரு உத்தேசம் போட்டு அதையும் சேர்க்க வேண்டும்.

வட்ஸ்அப்பை வடிகட்டாமல் கணக்குப் போடாதீர்கள்

எங்கள் ஊர்ப் போன்களை நிறைப்பதில் பெரிய பங்கு மற்றவர்கள் அனுப்பியதற்குத்தான். பழைய மாணவர் சங்கம், கோயில் குழு, ஊர் ஒன்றியம், சொந்தக்காரர் குழு, அதற்குள் கனடாவில் இருப்பவர்களுக்குத் தனிக் குழு. ரொறொன்ரோவில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்றால் அடுத்த நாள் காலையில் ஐம்பது, அறுபது படம் வந்து கிடக்கும். கூடவே காலை வணக்கப் படங்கள், மருத்துவக் குறிப்பு வீடியோக்கள், மரண அறிவித்தல்கள். இந்தச் சுமையோடு கணக்குப் போட்டால், தேவையில்லாத பொருளை வைப்பதற்காகக் கூடுதல் காசு கொடுத்துப் பெரிய போன் வாங்குவீர்கள்.

வட்ஸ்அப் செற்றிங்ஸில் ஸ்ரோரேஜ் அன்ட் டேட்டா, அதற்குள் மனேஜ் ஸ்ரோரேஜ். அங்கே பலமுறை ஃபோர்வேர்ட் ஆனவை ஒரு பக்கமாகவும், 5 எம்பிக்கு மேற்பட்டவை இன்னொரு பக்கமாகவும் அடுக்கப்பட்டிருக்கும். கீழே எந்தக் குழு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியது வரை வரும். முதலில் ஃபோர்வேர்ட் வீடியோக்களை அழியுங்கள். பிறகு குழுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அன்ரொயிட் போனில் நீங்கள் அனுப்பிய வீடியோக்களின் பிரதிகளும் 'சென்ற்' என்ற கோப்புறையில் தனியாகக் கிடக்கும். மூலம் உங்கள் கலரியில் இருக்கிறது என்றால் அந்தப் பிரதி தேவையில்லை.

அழிக்கும்போது ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். அம்மம்மா அனுப்பிய குரல் பதிவு, பேரப்பிள்ளை மழலையில் பாடி அனுப்பியது, இவையெல்லாம் நிமிடத்துக்கு ஒரு எம்பிகூட வராது. ஆயிரம் குரல் பதிவை அழித்தாலும் ஒரு பத்து நிமிட வீடியோவை அழித்த அளவுக்கு இடம் கிடைப்பது அரிது. இடம் பிடிப்பவர் வீடியோதான், குரல் பாவம்.

பிறகு அதே இடத்தில் தானாகத் தரவிறங்குவதை மாற்றுங்கள். படம் வைஃபையில் மட்டும், வீடியோ எதிலும் வேண்டாம். விருப்பமானதைத் தட்டினால் இறங்கும். ஆனால் வேண்டியதை உடனே தட்டிவிடுங்கள். கனநாள் கழித்துத் தட்டினால் சில வேளை கிடைக்காது, அனுப்பியவரிடம் திரும்பக் கேட்கவேண்டி வரும். 'மீடியா விசிபிலிட்டி' என்ற தெரிவை அணைத்தால் இடம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கலரியில் படம் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான்.

டெலிகிராமில் வகுப்புப் பதிவுகளும் பழைய வினாத்தாள்களும் எடுக்கும் உயர்தர மாணவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அதன் ஸ்ரோரேஜ் பகுதியில் மீடியாவை ஒரு வாரம் மட்டும் வைத்திருக்கும்படி சொல்லலாம். போனிலிருந்து அழிந்தாலும் அவர்களுடைய சேர்வரில் இருக்கும், திரும்ப எடுக்கலாம்.

இந்த வடிகட்டல் முடிந்தபின் முதலில் எழுதிய நான்கு எண்களையும் புதிதாக எழுதுங்கள். சிலருக்கு இந்த இடத்திலேயே "பழைய போனே போதும்" என்று தெரிந்துவிடும். அது நல்ல முடிவுதான்.

புதுக் கமெரா எவ்வளவு கேட்கும்?

பழைய போனின் எண்ணை அப்படியே புதுப் போனுக்குப் பொருத்தக் கூடாது. கமெரா மாறுகிறது. சாதாரண 12 மெகாபிக்சல் படம் ஒன்று 2 முதல் 5 எம்பி வரை வரும். 50 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யும் போன்களும் வழக்கமாக 12 மெகாபிக்சலுக்குச் சுருக்கித்தான் சேமிக்கின்றன. முழு 50இலும் எடுத்தால் ஒரு படம் 10 எம்பியைத் தாண்டும்.

படங்களை விட வீடியோதான் கணக்கை மாற்றுகிறது. ஐபோனில் புதிய சுருக்க முறையில் 1080பி (முழு எச்டி) வீடியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பி. அதைவிடத் துல்லியமான 4கேயில் நொடிக்கு 30 பிரேம் என்றால் 170 எம்பிக்கு மேல், 60 பிரேம் என்றால் 400 எம்பிக்கு மேல். அன்ரொயிட் போன்களில் பழைய சுருக்க முறை பாவித்தால் 4கே 30 பிரேமே நிமிடத்துக்கு 350 எம்பி அளவில் வரும். ஒரு மணித்தியாலத்துக்கு 21 ஜிபி.

நல்லூர் இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேரன்று மட்டும் வீதியில் நின்று அரை மணித்தியாலம் 4கேயில் எடுத்தால் 10 ஜிபி போயிற்று. அதையே 1080பியில் எடுத்திருந்தால் அதில் மூன்றிலொரு பங்குதான். லண்டனில் இருக்கும் சித்திக்கு வட்ஸ்அப்பில் அனுப்பத்தான் எடுக்கிறீர்கள் என்றால், வட்ஸ்அப் வழக்கமாக அதைச் சுருக்கித்தான் அனுப்பும். அப்படியான வீடியோவுக்கு 1080பி தாராளம். கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரம், பிள்ளையின் அரங்கேற்றம், வயதானவர்கள் பழைய கதை சொல்லும் நேரம், இவற்றுக்கு 4கே பாவியுங்கள். இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதற்காகத்தான் இடம் வாங்குகிறோம்.

இப்போது கணக்கு

ஒரு உதாரணம். வடிகட்டிய பிறகு படம், வீடியோ, வட்ஸ்அப், ஆவணம் எல்லாம் சேர்த்து 26 ஜிபி இருக்கிறது. கலரியின் ஆகப் பழைய படம் இரண்டரை வருடத்துக்கு முந்தியது. அப்படியென்றால் வருடத்துக்கு 10 ஜிபிக்குச் சற்று மேல். புதுக் கமெராவுக்கும் இடையில் அழித்தவற்றுக்குமாக வருடத்துக்கு 18 என்று உயர்த்துவோம். நான்கு வருடம் பாவிக்க யோசனை. 18ஐ நான்கால் பெருக்கினால் 72. பழையதிலிருந்து வரும் 26ஐச் சேர்த்தால் 98. சிஸ்டத்துக்கு 22, செயலிகளுக்கு 18. மொத்தம் 138. அதற்கு மேல் 15 சதவீதம் வெறுமையாக இருக்க வேண்டுமென்றால் 162 ஜிபி தேவை. 128 போதாது, 256 எடுக்க வேண்டும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். விடை 100க்குக் கீழே வந்தால் 128 உங்களுக்குக் கனகாலம் காணும். 110க்கும் 130க்கும் இடையில் வந்தால் சந்தேகமே வேண்டாம், 256 எடுங்கள். கணக்கின் ஓரத்தில் நிற்பவர்கள்தான் பிறகு அதிகம் அவதிப்படுகிறார்கள். செயலிகளும் வருடத்துக்கு வருடம் பெருக்கின்றன. ஐபோனில் அப்பிளின் ஏஐ வசதிகளுக்கு மட்டும் 7 ஜிபி காலி இடம் கேட்கிறது. பெரிய கேம்களில் சில தனியே 20 ஜிபியைத் தாண்டும்.

64 ஜிபி புதுப் போன் விலை குறைவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அம்மா, அப்பாவுக்கு "கதைக்க மட்டும்தானே" என்று வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குழுக்களில் வரும் படங்களை அழிக்கத் தெரியாமல் தவிப்பதும் அவர்கள்தான். அவர்களுக்கு 128, தானியங்கித் தரவிறக்கத்தை நிறுத்திய வட்ஸ்அப்போடு. 512 ஜிபி யூரியூப் நடத்துபவர்களுக்கும், கலியாண வீடியோவைப் போனிலேயே எடுத்துத் தொழில் செய்பவர்களுக்கும். மற்றவர்கள் அந்தக் காசை ஒரு வெளி எஸ்எஸ்டியில் (போனோடு வெளியே பொருத்தும் சேமிப்புக் கருவி) போடலாம்.

கூடுதல் விலை நியாயமானதா என்று பார்க்க ஒரு வழி. 128க்கும் 256க்கும் இடையில் 20,000 ரூபா வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 417 ரூபா. மாதாமாதம் அழிக்கிற வேலையும் "இடமில்லை" என்ற அறிவித்தலும் இல்லாமல் இருக்க அந்தத் தொகை உங்களுக்குப் பெரிதா என்று நீங்களே முடிவெடுக்கலாம். சில வகைகளில் கூடிய அளவுக்கு வேகமும் கூடுதலாக வரும். கலக்சி எஸ்23இல் 128க்குப் பழைய யூஎஃப்எஸ் 3.1, 256க்குப் புதிய, வேகம் கூடிய யூஎஃப்எஸ் 4.0 சேமிப்புச் சிப். மலிவான போன்களில் ஈஎம்எம்சி என்ற சிப் இருந்தால், அது நிறைந்துகொண்டு போகப் போக மந்தமாகும் வகை என்பதை நினைவில் வைத்திருங்கள்.

மெமரி கார்ட் போட்டால் என்ன?

முதலில் போனில் கார்ட் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் கார்ட் போடும் வசதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சாம்சுங்கின் எஸ் வரிசையில் 2021இல் வந்த எஸ்21உடன் நீக்கிவிட்டார்கள். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் இன்னும் உண்டு, ஆனால் சிலவற்றில் இரண்டாவது சிம்மின் இடத்தில்தான் கார்ட் இருக்கும். டயலொக் ஒன்று, ஹட்ச் ஒன்று என்று இரண்டு சிம் பாவிப்பவர்கள் இதைக் கடையிலேயே சிம் தட்டை இழுத்துப் பார்த்துக் கேளுங்கள்.

கார்டில் கமெராப் படங்களை நேரடியாகச் சேமிக்கலாம், பாட்டுகளையும் சினிமாப் படங்களையும் வைக்கலாம். வட்ஸ்அப் தன் கோப்புகளைக் கார்டில் வைக்காது, உள்ளேயேதான் வைக்கும். எங்கள் போன்களை நிறைப்பதே வட்ஸ்அப் என்பதால், கார்டை நம்பி 64 ஜிபி வாங்கியவர்கள் ஏமாறுகிறார்கள். போலிக் கார்டுகளும் தாராளமாக உலாவுகின்றன. 512 என்று காட்டும், உண்மையில் 32க்கு மேல் எழுதினால் பழைய கோப்புகள் பழுதாகும். வாங்கிய அன்றே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதி வாசித்துச் சோதியுங்கள்.

கிளவுட் எவ்வளவு உதவும்?

கிளவுட் என்பது இணையத்தின் வழியாக நிறுவனங்களின் சேர்வரில் வைக்கும் இடம். கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1உடன் முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. முன்பு வட்ஸ்அப் காப்புப் பிரதி இந்தக் கணக்கில் சேரவில்லை, இப்போது அதுவும் சேர்கிறது. அப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபி மட்டுமே. அதற்கு மேல் மாதக் கட்டணம்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணா தன் கூகுள் குடும்பக் கணக்கில் சேர்த்துவிடுவார் என்று சிலர் எண்ணுவதுண்டு. கூகுளின் விதிப்படி குடும்பக் குழுவில் இருப்பவர்கள் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். ஆகவே அந்த வழி சரிவராது.

ஏற்றும் நேரத்தையும் யோசியுங்கள். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் 100 ஜிபி ஏற்ற 44 மணித்தியாலம் எடுக்கும். வீட்டில் ஃபைபர் இருந்தால் இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். ரீலோட் போட்டு டேட்டா பாவிப்பவருக்கு இது கட்டாது. நெடுந்தீவு போன்ற தள்ளியிருக்கும் தீவுகளில் வேலை செய்பவர்கள் கிளவுட்டை நம்பாமல் போனிலேயே போதிய இடம் எடுப்பதுதான் புத்தி.

பெரிய சேமிப்பிடம் இருப்பதாலேயே படங்கள் பாதுகாப்பாக இருக்கின்றன என்று நினைத்துவிடவும் கூடாது. 1995 ஒக்ரோபரில் போரால் நடந்த இடப்பெயர்வில் யாழ். குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்ட குடும்பங்கள் கனக்க. அவர்களில் பலரிடம் அதற்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு ஒரு குடும்பத்தின் ஆல்பம் முழுவதும் ஒரு போனுக்குள் இருக்கிறது. அது கிணற்றுக்குள் விழுந்தாலோ பஸ்ஸில் தொலைந்தாலோ அதே கதைதான். ரைப்-சி பென்டிரைவ் ஒன்றோ வெளி எஸ்எஸ்டி ஒன்றோ வாங்கி, வருடத்தில் இரண்டு தரமாவது படங்களைப் பிரதி எடுங்கள். ஒன்றை வேறு வீட்டில், அக்கா வீட்டிலோ மாமி வீட்டிலோ வைத்தால் இன்னும் நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரும் போன்

கோடை விடுமுறைக்கு வருபவர்கள் கொண்டுவரும் போன் என்றால், அவர்கள் அங்கே வாங்குமுன் அளவைச் சொல்லிவிடுங்கள். "ஏதோ ஒன்று கொண்டுவாங்கோ" என்றால் ஆகக் குறைந்த அளவுதான் வரும். ஐபோன் 16 வரை அது 128. 2025இல் வந்த ஐபோன் 17இல்தான் தொடக்கமே 256 ஆனது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14ஆம் வரிசை முதலே சிம் போடும் இடம் கிடையாது, ஈசிம் (போனுக்குள்ளேயே இருக்கும் மின்னணுச் சிம்) மட்டும்தான். ஐபோன் 17 கனடாவிலும் அப்படியே. உங்கள் சிம்மை ஈசிம்மாக மாற்றலாமா என்று முதலில் கேட்டு வையுங்கள்.

காசு கொடுக்குமுன்னும் முதல் நாளும்

கடையில் பெட்டியைப் பிரித்ததும் செற்றிங்ஸில் மாடல் எண்ணையும் மொத்த இடத்தையும் பெட்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பாவித்த போன் என்றால் கட்டாயம் செய்யுங்கள். மலிவு விலையில் '1 டிபி' (ஆயிரம் ஜிபி) என்று விற்கும் பெயர் தெரியாத போன்களில் செற்றிங்ஸ் காட்டும் எண்ணே பொய்யாக எழுதப்பட்டிருக்கும். அந்த மாடல் அந்த அளவில் வெளிவந்ததா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கமெராவை 1080பிக்கு மாற்றிவையுங்கள், வேண்டியபோது 4கேக்கு ஏற்றலாம். வட்ஸ்அப் தரவிறக்கத்தை மேலே சொன்னபடி திருத்துங்கள். ராமைக் கூட்டும் தெரிவு தேவையில்லையென்றால் அணையுங்கள். பழைய போனிலிருந்து எல்லாம் வந்துவிட்டது என்று செய்தி காட்டினாலும் நம்பிவிடாமல், கலரியின் ஆகப் பழைய படத்தையும் வட்ஸ்அப்பில் சில குரல் பதிவுகளையும் திறந்து பாருங்கள். பழைய போனை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். விற்கவோ தம்பிக்குக் கொடுக்கவோ அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.